பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு: கீழப்பாவூர் வட்டாரப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கீழப்பாவூர், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துக் கார் மெக்கானிக்குகளுக்கும், ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கும், பழைய பெட்ரோல் கார்களை இன்னும் ஓட்டிவருவோருக்கும்:

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக் முனையில் பற்றி, அங்கிருந்து சுவர் வரை பரவி எரிகிறது. அதற்குச் சில மில்லிவினாடிகள் பிடிக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐட்லிங் ஓடும் எஞ்சினில் ஒரு மில்லிவினாடிக்குள் கிராங்க் 3.6 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்துக்குள் 18 டிகிரி திரும்பிவிடும். அழுத்தம் உச்சம் தொட வேண்டிய இடம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. பிஸ்டன் உச்சியைக் கடந்து கிராங்க் ஏறக்குறைய 15 டிகிரி திரும்பிய இடம் அது. அங்கே அழுத்தம் கிடைத்தால்தான் கனெக்டிங் ராடு கிராங்கை நல்ல கோணத்தில் தள்ளும். அதனால் வேகம் கூடக் கூட, தீப்பொறியும் முன்கூட்டியே வந்தாக வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதை அளந்து நிறுத்தும் வேலைக்குத்தான் டைமிங் வைப்பது என்று பெயர்.

தீப்பொறி முன்கூட்டி வருவது அட்வான்ஸ், தாமதமாவது ரிடார்ட். அட்வான்ஸ் அதிகமானால் பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏறி அதன் தலையில் அடிக்கும். ‘டிக் டிக்’ என்று நாக்கிங் கேட்கும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலை ஓட்டை விழும். ரிடார்ட் அதிகமானால் சத்தமே இருக்காது. இழுவை குறையும், மைலேஜ் குறையும், எரிந்து முடியாத நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறும், ரேடியேட்டர் கொதிக்கும். சத்தம் போடாத பிழை என்பதால் இதுவே பெரும்பாலான பழைய கார்களில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகிடக்கிறது. தண்ணீர் கொதிக்கிறது என்று ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்து, கடைசியில் டைமிங்கைப் பார்ப்பதுதான் பொது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் பார்க்கப்படுகிறது.

இந்த மடலில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் டைமிங் எண்களும் வரும். அவை கீழப்பாவூருக்கு எதற்கு என்று தோன்றலாம். பானட்டைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற திறந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் 1489 சி.சி. எஞ்சின். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான ஹிந்துஸ்தான் அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரின் வழிவந்தது. அந்த அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடியதும் அதே 1489 சி.சி. எஞ்சின்தான். எம்.ஜி.ஏ.வில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், 8.3 கம்ப்ரஷன் விகிதம், 70 குதிரைத்திறனை ஒட்டிய வலு. அம்பாசிடரில் ஒற்றைக் கார்புரேட்டர், 7.2 அளவில் கம்ப்ரஷன், 50 குதிரைத்திறன். 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் அதே பி-சீரிஸ் 1798 சி.சி.யாக வளர்ந்தது. ஃபயரிங் ஆர்டர் மூன்றுக்கும் 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் மூன்றிலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கதை இன்னும் நெருக்கமானது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்த கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். அதன் 948 சி.சி. எஞ்சின், 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்காக 803 சி.சி.யில் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பமே 1147 சி.சி.யாகி 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தது, 1493 சி.சி. வரை வளர்ந்து 1970களில் எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் போனது. சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதற்கு இந்த ரத்தமும் ஒரு காரணம். இவற்றின் மின்சாமான்களும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. பர்மிங்காமின் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., இந்திய வண்டிகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் கொடுத்தது. ஆகவே அம்பாசிடருக்கு ஒழுங்காக டைமிங் வைக்கத் தெரிந்த கை, எம்.ஜி.பி.க்கும் வைக்கும். எண்கள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். டீசல் அம்பாசிடருக்கு இந்த மடலில் வேலையில்லை. பிற்காலத்து 1800 இசுசூ பெட்ரோல் அம்பாசிடர் வேறு எஞ்சின், அதன் எண்ணும் வேறு.

டைமிங்கைத் தொடுமுன் பாயிண்ட். இந்த வரிசை மாறக் கூடாது. காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் கரண்ட், பாயிண்ட் பிரியும் நொடியில் அறுபடுவதால்தான் பிளக்கில் தீப்பொறி பிறக்கிறது. பாயிண்ட் எந்த இடத்தில் பிரிகிறது என்பது அதன் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி கூடினால் கேம் சீக்கிரமே பாயிண்ட்டைத் திறந்துவிடும், டைமிங் அட்வான்ஸாகும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும், ரிடார்டாகும். டைமிங் வைத்த பிறகு பாயிண்ட்டைச் சரிசெய்தால் வைத்த டைமிங் போய்விட்டது என்று பொருள். அதே காரணத்தால், டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொடாமலே டைமிங் பின்னுக்கு நழுவுகிறது: கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இடைவெளி 14 முதல் 16 தௌ, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். குதிகால் கேமின் மேட்டில் நிற்கும்போது ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து நகர வேண்டும். விசிட்டிங் கார்டையோ தீப்பெட்டி அட்டையையோ சொருகிப் பார்ப்பது வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்கப் போதும். பட்டறையில் அதற்கு இடம் கொடுப்பது சரியல்ல. எரிந்துபோன பாயிண்ட்டில் ஃபீலர் கேஜும் பொய் சொல்லும். ஒரு முகத்தில் மேடும் எதிர்முகத்தில் பள்ளமும் விழுந்திருந்தால் தகடு மேட்டைத்தான் அளக்கிறது. அங்கே டுவெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், பார்ப்பது நம்பகமானது. 4 சிலிண்டர் வண்டியில் ஒரு தீப்பொறிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் 90 டிகிரி சுற்றுகிறது. லூகாஸ் 25டி4 மாடலில் அதில் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்க வேண்டும், 3 டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். டுவெல் மீட்டர் இல்லாத பட்டறையில் டியூட்டி சைக்கிள் காட்டும் சாதாரண மல்டிமீட்டரே அந்த வேலையைச் செய்யும்: 90க்கு 60 என்பது 67 சதவீதம். சில மீட்டர்கள் திறந்திருக்கும் பங்கைக் காட்டும். அப்போது 33 வரும். பின்னால் வந்த 45டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு டுவெல் 51 டிகிரி. 25டி4இன் எண்ணை அதில் வைக்கக் கூடாது.

பாயிண்ட் சரியாக இருந்தும் அளவு நிலைக்காமல் ஆடினால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில். ரோட்டரைக் கழற்றி ஷாஃப்ட்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் 1ஆம் சிலிண்டருக்கு ஒரு டைமிங், 4ஆம் சிலிண்டருக்கு ஒரு டைமிங் என்று ஓடும். எந்த அமைப்பும் முழுச் சரியாகாது. லேத் பட்டறையில் பித்தளைக் கலவைப் புஷ் கடைந்து போடுவது பெரிய செலவில்லை. புது டிஸ்ட்ரிபியூட்டர் தேடி அலைவதைவிட அது மேல். பழைய லூகாஸ் உலோகம் இன்றைய மலிவு நகல்களைவிட நன்றாக இருக்கிறது.

வேகத்துக்கு ஏற்ப அட்வான்ஸைக் கூட்டுவது பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பாப் வெயிட்டுகள். சுற்று ஏறும்போது அவை ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு வெளியே விரிந்து கேமை முன்னுக்குத் திருப்புகின்றன. ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பிவிட்டால் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாமல் அங்கேயே நின்றால் துருவோ கெட்டிப்பட்ட கிரீஸோ பிடித்திருக்கிறது. ரோட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்குரூவின் தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அநேகமாக யாரும் விடுவதில்லை.

வெயிட்டுகளின் அருகே கேமின் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும். 10 என்றிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அதிகபட்சம் 10 டிகிரி முன்னேறும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 20 டிகிரி. ஆக, நிற்கும்போது 10 டிகிரி வைத்த வண்டியில் முழு வேகத்தில் 30 டிகிரி கிடைக்கும். இந்தக் கூட்டல் பின்னால் தேவைப்படும்.

பக்கத்தில் தட்டையான டப்பாபோல் இருப்பது வேக்குவம் யூனிட். பாதி மிதியில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக நுழைகிறது, மெதுவாக எரிகிறது. அதற்கான கூடுதல் அட்வான்ஸை வேக்குவம் யூனிட் கொடுக்கிறது. 5-13-10 என்று அதில் பொறித்திருந்தால், 5 அங்குல பாதரச வெற்றிடத்தில் நகரத் தொடங்கி, 13 அங்குலத்தில் முழுதாக இழுத்து, 10 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி தரும் என்று பொருள். சோதிப்பது எளிது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் பிளேட் அசைய வேண்டும், நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. இழுவைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. மைலேஜ்தான் அடிபடும்.

அடுத்தது குறி. கிராங்க் புல்லியில் ஒரு வெட்டும், டைமிங் கவரில் முட்களும் இருக்கும். பி-சீரிஸில் மிக நீளமான முள் உச்சியைக் காட்டும், அடுத்தடுத்தவை 5, 10 டிகிரி. பழைய எம்.ஜி.பி.களில் இந்த முட்கள் புல்லிக்குக் கீழ்ப்புறம் இருப்பதால் குனிந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். குறியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ரப்பர் ஒட்டிய புல்லிகளில் வெளிவளையம் ஆண்டுகள் போகப் போக நழுவும். வேறு எஞ்சினின் புல்லியோ கவரோ மாட்டப்பட்ட வண்டிகளும் நிறைய. சந்தேகம் வந்தால் பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, உலோக உடலில் ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்து, 1ஆம் சிலிண்டரில் மாட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் போல்ட்டில் வந்து முட்டி நிற்கும். முள்ளுக்கு நேரே புல்லியில் ஒரு குறி போட வேண்டும். எதிர்த்திசையில் திருப்பி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. ஸ்டார்ட்டர் மோட்டாரால் இதைச் செய்தால் பிஸ்டன் உடையும்.

உச்சி கிடைத்த பிறகு டிகிரிகளைப் புல்லியிலேயே குறித்துக்கொள்ளலாம். புல்லியின் சுற்றளவை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 115 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு 1 டிகிரி. 5, 10, 15, 30 என்று வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால் பிறகு படுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இனி எஞ்சினை நிறுத்திவைத்துச் செய்யும் ஸ்டாட்டிக் டைமிங். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் திருப்புவது எளிது. 1ஆம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அதன் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எஞ்சினைத் திருப்பினால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் காற்று விரலைத் தள்ளும். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் சேர்த்தால் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் போய் நிற்க வாய்ப்புண்டு; அங்கே 1ஆம் பிளக்குக்குப் போக வேண்டிய தீப்பொறி 4ஆம் பிளக்குக்குப் போகும். ராக்கர் கவர் திறந்திருந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு: 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது 4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் ஊசலாடும்.

எஞ்சினை ஓடும் திசையிலேயே, முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில், திருப்பிக் கொண்டுவந்து குறியில் நிறுத்த வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்துச் சேர்க்கக் கூடாது. நன்றாகப் பின்னால் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். டைமிங் செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் பல்லிலும் உள்ள தொய்வு இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும். எந்த டிகிரியில் நிறுத்துவது என்பதை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். எம்.ஜி.ஏ. 1500க்கு உச்சிக்கு முன் 7 டிகிரி, தொடக்ககால எம்.ஜி.பி.க்கு 10 டிகிரி.

12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் டெர்மினலிலும், மற்றதை எஞ்சின் உடலிலும் கொடுத்து, இக்னிஷன் சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு அணைந்திருக்கும். பிரியும் கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, உடலை ரோட்டர் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பி, பல்பு அணைந்ததும் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிவந்தால் பல்பு எரியும் இடமே டைமிங். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். கிளாம்ப்பை இறுக்கும்போது உடல் நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பின் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுத் திருப்பி மறுபடி பல்பைப் பார்ப்பது கட்டாயம். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி விட்டால் காயில் சூடேறிக் கெடும்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வழக்கம் அம்பாசிடரிலும் ஹெரால்டிலும் உண்டு. அட்வான்ஸ் மிகுந்த எஞ்சின் ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுக்கச் சொல்வது பழைய டிரைவர்களின் பாடம். மணிக்கட்டு தப்புவது அதனால்தான்.

காதால் டைமிங் வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிச் சத்தம் சீராகும் இடத்தில், அல்லது சுற்று அதிகமாகும் இடத்திலிருந்து துளி பின்னால், இறுக்கிவிடுவது பல பட்டறைகளின் முறை. கைத்தேர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐட்லிங்கில் எஞ்சினுக்குப் பாரம் இல்லை, கலவை மெதுவாக எரிகிறது. அந்த நிலையில் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாலும் எஞ்சின் விரும்பி வாங்கிக்கொள்ளும். 10 டிகிரி கேட்கும் வண்டியில் காது 20 டிகிரியை எளிதாக ஒப்புக்கொள்ளும். வெயிட்டுகள் தரும் 20 டிகிரியும் சேர்ந்தால் முழு வேகத்தில் 40. பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால் என்ன ஆகும் என்பது பிஸ்டனுக்குத்தான் தெரியும். காது வழியில் போகும்போது உதவும், கடைசிச் சோதனைக்கும் உதவும். அளவை வைக்க அது கருவியாகாது.

டைமிங் லைட் இன்று பட்டறை வைத்திருப்போருக்கு எட்டாத பொருளில்லை. பேட்டரியில் இரண்டு கிளிப், 1ஆம் பிளக் ஒயரில் ஒரு கவ்வி. பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது; எம்.ஜி.பி.யில் 1967 வரை அப்படித்தான். சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவுக்குத்தான் போக வேண்டும், அது பாடியோடு சேர்ந்திருந்தாலும். அப்படிப்பட்ட காரை யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தால் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களும் இடம் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மாற்றாவிட்டால் தீப்பொறி நலிந்துபோகும்.

வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, எஞ்சினைச் சூடேற்றி, லைட்டைப் புல்லியில் அடிக்க வேண்டும். ஃபேன் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தோள் துண்டு, மடித்துக்கட்டாத வேட்டி, தொங்கும் லைட் ஒயர் மூன்றும் ஆகாதவை. தொடக்ககால எம்.ஜி.பி.க்கு 600 சுற்றில் 14 டிகிரி காட்ட வேண்டும். ஸ்டாட்டிக் 10ஐவிட இது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் வெயிட்டுகள் அந்த வேகத்திலேயே கொஞ்சம் விரியத் தொடங்குவது. பிறகு எஞ்சினை 3000 சுற்றுக்கு மேல் ஏற்றி, அட்வான்ஸ் இனி நகராத இடத்தில் படிக்க வேண்டும். பி-சீரிஸ் எஞ்சின்களை அங்கே 32 டிகிரியை ஒட்டி நிறுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம். ஐம்பது ஆண்டு கண்ட டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தொய்ந்து, அட்வான்ஸ் வளைவு மாறிப்போயிருக்கும். ஐட்லிங் எண்ணும் இந்த மேல் எண்ணும் ஒருசேரப் பொருந்தவில்லை என்றால் மேல் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். எஞ்சின் உடைவது அங்கேதான். குறி ஒரே இடத்தில் நிற்காமல் இங்குமங்கும் தாவினால் மேலே சொன்ன புஷ் தேய்மானத்துக்கு அதுவே சாட்சி.

கையேட்டு எண்கள் எழுதப்பட்ட காலத்துப் பெட்ரோல் இன்று எந்தப் பங்கிலும் இல்லை. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களின் மென்மையான வால்வு சீட்டுகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தது. அது போன பிறகு, ரிடார்ட் டைமிங்கால் எக்ஸாஸ்ட் வால்வைச் சூடேற்றுவது முன்பைவிடக் கெடுதல். இன்னொரு பக்கம், சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 88இலிருந்து 91 ஆனது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20இல் 95ஐ ஒட்டி நிற்கிறது. ஆக்டேன் எண் கூடினால் நாக்கிங் தள்ளிப்போகும். 7.2 கம்ப்ரஷன் உள்ள அம்பாசிடரை நாக்கிங்குக்குப் பயந்து கையேட்டு எண்ணுக்குக் கீழே வைக்க இன்று காரணமே இல்லை. இரண்டு டிகிரி மேலே வைத்தும் பார்க்கலாம்.

ஆனால் எத்தனாலுக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20க்கு 13.5 போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும். கலவை நீர்த்துப்போகும், மெதுவாக எரியும், எஞ்சின் சூடாகும். டைமிங்கை முன்னுக்குத் தள்ளி இதை மறைப்பதைவிட, எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஓரிரு முகம் கீழே இறக்கியோ, ஜெட் மாட்டிய கார்புரேட்டரில் ஓர் அளவு பெரிய மெயின் ஜெட் போட்டோ கலவையைச் சரிசெய்வதுதான் நேர்வழி. எத்தனாலுக்கு ஒத்துவராத பழைய ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.

எரிபொருளுக்கும் டைமிங்குக்கும் உள்ள உறவைத் தமிழர்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அளவுக்கு யாரும் கைப்படக் கற்றிருக்க மாட்டார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களைச் சில துளிப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கில் அது நாக்கிங்கை எழுப்பியே தீரும், தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளினால்தான் ஓட்ட முடியும். குறைந்த கம்ப்ரஷனும் கையால் திருப்பக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்ததால் அந்தக் கார்களுக்கு அது சாத்தியப்பட்டது. கம்ப்யூட்டர் வைத்த இன்றைய கார் அந்தச் சோதனையில் முதல் தெருவைக்கூடத் தாண்டாது.

பட்டறையில் வைத்த டைமிங்கைச் சாலையில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கீழப்பாவூரைச் சுற்றித் தரை சமம். அங்கே ஓட்டினால் எதுவும் தெரியாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவு ஏற்றம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத நேரத்தில், கியரை உடனே குறைக்காமல் மிதியை முழுதாக அழுத்த வேண்டும். ஒரு கணம் மெலிதாக நாக்கிங் கேட்டு ஓய்ந்தால் டைமிங் சரியான இடத்தில் இருக்கிறது. தொடர்ந்து சத்தம் வந்தால் இரண்டு டிகிரி குறைக்க வேண்டும். சத்தமே இல்லாமல் வண்டி திணறி ஏறினால் இரண்டு டிகிரி கூட்டிப் பார்க்கலாம், மேல் எண் 34ஐத் தாண்டாதவரை. 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்குக் கிளாம்ப்பைத் தளர்த்தவே வேண்டாம். வேக்குவம் யூனிட்டின் எதிர்முனையில் திருகும் நட்டு ஒன்று இருக்கிறது. அருகில் ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் அட்வான்ஸ், ரிடார்ட் திசையைக் காட்டும். 11 கிளிக் ஒரு டிகிரி. பெரும்பாலான வண்டிகளில் இந்த நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டு விடுவித்து, ஸ்டாட்டிக் டைமிங் வைக்கும்போதே அதை நடுவில் நிறுத்தி வைத்தால் சாலையோரத்தில் கையாலேயே திருத்தலாம்.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு மூடிக்குள்ளேயே பொருத்தும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டுகள் இப்போது கிடைக்கின்றன. இடைவெளி தேய்ந்து டைமிங் நழுவும் தொல்லை அதோடு தீரும். பல்பு வைத்துப் பார்க்கும் ஸ்டாட்டிக் முறை அவற்றில் செல்லாது, டைமிங் லைட் கட்டாயம். எர்த் மாறிப்போனால் கிட் உடனே எரிந்துவிடும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு அதற்கென்று உள்ளதை வாங்க வேண்டும். தொலைதூரம் போகிறவர்கள் கழற்றிய பாயிண்ட், கண்டன்சரை டிக்கியில் போட்டுவைப்பது நல்லது.

புது பாயிண்ட் போட்ட வண்டியின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் வேகமாகப் படியும். அப்போது ஒருமுறை இடைவெளியையும் டைமிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். அதன் பிறகு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். கேமில் துளி கிரீஸ் தடவியிருந்தால் குதிகால் நீடிக்கும். கூடப்போனால் கிரீஸ் தெறித்துப் பாயிண்ட்டில் படிந்து மிஸ்ஸிங் கொடுக்கும். இறுக்கிய இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் கிளாம்ப்புக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறி, தேதியையும் டிகிரியையும் பானட்டின் உட்புறத்தில் எழுதிவைத்தால் அடுத்துத் தொடுபவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசனில், வைத்த டைமிங் அப்படியே இருக்க வண்டி மட்டும் காலையில் கிளம்ப மறுப்பதுண்டு. சாரல் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படிந்து, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் மூடியின் சுவரிலேயே இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, நடுவில் இருக்கும் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு அமுங்கி எழுகிறதா என்று பார்த்து, ரோட்டரையும் பிளக் ஒயர்களையும் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். மூடியின் உட்புறத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கிறுக்கியது மாதிரி கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அது கார்பன் பாதை. சுரண்டினால் சில நாள் ஓடும், அடுத்த சாரலில் மறுபடி நிற்கும். அந்த மூடியை மாற்றிவிட வேண்டும்.